நாற்பத்தாறு மூச்சு

காலை ஏழு மணிக்கு, மகள் பேச்சிக்கு இட்லி ஊட்டிக்கொண்டே, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் புழுதிப்புயலில் சிக்கிய ஏழு தாது வண்டிகளைக் கோமதி கரைசேர்த்தாள். ஆறு வண்டிகள் சொன்னபடி கேட்டன. ஏழாவது முரண்டு பிடித்தது. மூன்றாவது இட்லிக்குப் பேச்சியும் அதையேதான் செய்தாள். இரண்டையும் அதட்டியும் கொஞ்சியும் வழிக்குக் கொண்டுவர அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

செவ்வாயில் வாழ்கிறவர்களுக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. பொட்டு வைக்கும் இடத்தில் பதித்திருக்கும் நெற்றிவில்லை, வண்டி பார்ப்பதையெல்லாம் அவர்களுக்குக் காட்டும். விரலை அசைத்தால் வண்டி திரும்பும். ஊட்ட ஒரு கை, ஓட்ட ஒரு கை. தரைக்கு அடியில் குடைந்த வளைகளில் அமைந்த கீழ்க்குடி என்ற ஊரில் நாற்பத்தாறு பேர் இப்படித்தான் ஒரே நிறுவனத்துக்கு உழைத்தார்கள்.

இட்லித் தட்டைக் கழுவும்போது சுற்றறிக்கை வந்தது. "அன்புக் குடும்பத்தினரே" என்று ஆரம்பித்தது. நிறுவனம் நம்மைக் குடும்பம் என்று கூப்பிட்டால், அடிமடியில் கைவைக்கப் போகிறது என்று பொருள். அடுத்த மாதத்திலிருந்து திங்கள் முதல் வெள்ளி வரை எல்லோரும் தலைநகர்க் கோபுரத்துக்கு நேரில் வந்து வேலை பார்க்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் புதிய யோசனைகள் பிறக்குமாம்.

கோபுரம் எட்டு மணி நேர ரயில் பயணம். போனால் சனிக்கிழமை காலைதான் வீடு திரும்ப முடியும். பத்து வயது நிரம்பாத பிள்ளைகளை அங்கே அனுமதிப்பதில்லை; தரைக்கு மேலே நிற்கும் கட்டடத்தில் விழும் விண்கதிர் அவர்களுக்கு ஆகாது. பேச்சிக்கு வயது மூன்று.

ஆறு வருடத்துக்கு முன்னால் கோமதியையும் மற்றவர்களையும் கோபுரத்திலிருந்து வெளியே அனுப்பியதே இந்த நிறுவனம்தான். நாற்பது மாடிக்கும் காற்று பற்றவில்லை, ஆளுக்கொரு மூலைக்குப் போய் வேலை பாருங்கள் என்றது. அவள் தயங்கியபோது மேலாளர் பர்னபாஸ் வீடு தேடி வந்தார். "ஒருதடவ போயாச்சுன்னா திரும்பக் கூப்பிட மாட்டோம், தங்கச்சி. நான் சொல்லுதேம்லா" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் கோபுரத்து வீட்டைக் காலி செய்தாள், கீழ்க்குடியில் ஆட்டுப்பண்ணை பார்க்கும் சண்முகவேலைக் கட்டிக்கொண்டாள், பேச்சியைப் பெற்றாள்.

அன்றைக்கே பர்னபாஸை அழைத்தாள்.

"அண்ணாச்சி, நீங்க சொன்ன வாக்கு என்னாச்சு?"

"மேலிடத்து உத்தரவும்மா. நான் என்ன செய்ய?"

"யோசனை பிறக்கணும்னு போட்டிருக்கே. புயல்ல மாட்டுன வண்டிய எடுக்க எனக்கு எதுக்குப் பக்கத்துல ஆள்?"

பர்னபாஸ் குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார். கோபுரத்தின் உட்புறம் முழுக்கப் பாசியும் கொடியுமாக ஓர் உயிர்ச்சுவர் இருக்கிறது. மனிதர் விடும் மூச்சைக் குடித்து வளர்வது. ஆறு வருடமாக ஆளில்லாமல் அது பழுத்துக் கொட்டுகிறது. நிறுவனத் தலைவர் தன் பெயரை வைத்து வளர்த்த சுவர் அது.

"அப்போ எங்க மூளை வேண்டாம், மூச்சுதான் வேணும், அப்படித்தானே?"

"அப்படிச் சொல்லாத தங்கச்சி."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சண்முகவேல், "மூச்சுதானே? நம்ம பண்ணையில நாற்பத்தாறு ஆடு கூடுதலா நிக்குது. கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்று எரிச்சலில் சொன்னான்.

அவன் கிண்டலாகச் சொன்னதைப் பர்னபாஸ் பிடித்துக்கொண்டார். கோபுரத்தில் வருகைப்பதிவேடு என்று ஒன்று கிடையாது. கூரையில் இருக்கும் மூச்சுமானி, இருக்கைக்கு ஒரு மூச்சு என்று எண்ணி மேலே அனுப்பும். அது யார் விட்ட மூச்சு என்று கேட்காது. தலைவரோ பூமியைச் சுற்றும் தன் ஓய்வு மாளிகையை விட்டு ஒருநாளும் இறங்கியதில்லை. எண் சரியாக இருந்தால் அவருக்கு எல்லாம் சரி.

"ஆட்ட அனுப்பு. மத்தத நான் பாத்துக்கிடுதேன். நீ பிள்ளையோட நிம்மதியா இரு."

"இத எழுத்துல கொடுத்திருங்களேன், அண்ணாச்சி."

"தங்கச்சின்னு கூப்பிடுதேன். எங்கிட்டயே எழுத்துல கேக்கியா?"

கோமதி கூசிப்போனாள். மன்னிப்புக்கூடக் கேட்டாள். அண்ணன் முறை கொண்டாடுகிறவரிடம் கையெழுத்துக் கேட்பது அவரை முகத்தில் அறைவதற்குச் சமம் என்று வளர்ந்தவள் அவள். பூமியை விட்டு வந்த நாம் எதை எதையோ அங்கேயே போட்டுவிட்டு வந்தோம். இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டோம்.

சுவரைக் கடித்துவிடாமல் இருக்க வாய்க்கூடு மாட்டி, நாற்பத்தாறு ஆடுகளும் சரக்கு ரயிலில் ஏறின. இருக்கைக்கு ஒன்றாகக் கட்டப்பட்டன. தரை துடைக்கும் இயந்திரங்கள் வேளாவேளைக்கு வாய்க்கூட்டை அவிழ்த்துத் தீவனம் போட்டன. மூன்றே மாதத்தில் சுவர் பச்சைப் பசேல் என்று ஆயிற்று. கீழ்க்குடியில் நாற்பத்தாறு பேரும் நன்றிக்கடனாகக் கூடுதலாக ஒரு மணி நேரம் உழைத்தார்கள். தாது மலைபோல் குவிந்தது.

ஆண்டு விழா வந்தது. பேச்சியை மடியில் வைத்துக்கொண்டு கோமதி நெற்றிவில்லையில் பார்த்தாள். தலைவர் ஓய்வு மாளிகையிலிருந்து பேசினார். ஊழியர்கள் வீட்டைவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகுதான் உற்பத்தி பெருகியது என்றார். நேரில் அமர்ந்து வேலை செய்வதற்கு ஈடே கிடையாது என்றார். ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத கோபுர ஊழியர்களுக்கு நன்றி சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. கீழ்க்குடியே விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த அறிவிப்பு வந்தது. மூச்சுமானிக் கணக்குப்படி கோபுரத்தில் நாற்பத்தாறு பேர் இருக்க, வீட்டில் உட்கார்ந்துகொண்டு இன்னும் நாற்பத்தாறு பேர் எதற்கு? அவர்கள் இன்றோடு நீக்கப்படுகிறார்கள். வண்டிகள் இனி கோபுர இருக்கைகளுக்கு மாற்றப்படும். பட்டியலை வாசித்தவர் பர்னபாஸ். கோமதி பெயரை வாசிக்கும்போது அவர் நாக்கு தடுமாறவே இல்லை.

"அதுக ஆடுன்னு சொல்ல வேண்டியதுதானே அண்ணாச்சி?" கோமதி உடனே அவரை அழைத்துக் கேட்டாள்.

"இப்பப் போய்ச் சொன்னா என் வேலை போயிருமேம்மா. நீயே சொல்லு, என்னைய என்ன செய்யச் சொல்லுத?"

கோபத்தைவிட அவமானம்தான் அவளைப் பிடுங்கித் தின்றது. ஒரே ஆளிடம், 'தங்கச்சி' என்ற ஒரே வார்த்தையில், இரண்டு முறை ஏமாந்திருக்கிறாள். அழுதாள். அம்மா அழுவதைப் பார்த்துப் பேச்சியும் அழுதாள்.

குடியிருந்த வளையை நிறுவனம் கோமதி பெயரில்தான் ஒதுக்கியிருந்தது. அவளுக்கு வேலை இல்லையென்றால் மாதக் கடைசியில் காற்றுக்குழாயை மூடிவிடுவார்கள். சண்முகவேலுக்குப் பண்ணை கொடுத்திருப்பதோ கொட்டகையில் ஒற்றை ஆளுக்கான இடம். பதினைந்தாம் நாள் பர்னபாஸே கூப்பிட்டார். இயந்திரங்களைக் கண்டு ஆடுகள் மிரள்கின்றன, நாலு ஆடு இளைத்துவிட்டது, பழகின ஆள் வேண்டும் என்றார்.

"வளையும் உனக்கே இருக்கட்டும். ஆனா இந்த வேலைய வீட்டுல இருந்து பாக்க முடியாது பாத்துக்கோ. நேர்ல வரணும்."

வேறு வழியில்லாமல் கோமதி ஒப்புக்கொண்டாள். இந்த முறையும் எழுத்தில் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ரயிலடியில் பேச்சி அவள் சேலையை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்து எடுத்துச் சண்முகவேலிடம் கொடுத்தாள். "சனிக்கிழம காலையில கண்ணு முழிக்கும்போது அம்மா வந்திருவேன்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

அந்த வாரம் பெரிய புயல் அடித்தது. புயல் இல்லாத நாளில் தாமாகவே ஓடிய தாது வண்டிகள் இப்போது கோபுர இருக்கைகளிடம் வழி கேட்டன. பதில் வராமல் நின்ற இடத்திலேயே நின்றன. வியாழக்கிழமைக்குள் எல்லாம் புழுதியில் புதைந்தன. தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். மேலாளர்கள் அவரவர் வீட்டிலிருந்தே அதில் கலந்துகொண்டார்கள். விடிய விடிய ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ரயிலுக்குக் கிளம்பப் பையை எடுத்த கோமதியின் முன்னால் சுவர்த்திரையில் சுற்றறிக்கை ஒளிர்ந்தது. ஊழியர்கள் அலுவலகத்தில் செலவிடும் நேரம் போதவில்லை. இனி சனி, ஞாயிறும் கோபுரத்திலேயே இருக்க வேண்டும். வெளிக்கதவுகள் இப்போதே பூட்டப்படும்.

அந்த மாடியில் இருந்த நாற்பத்தேழு பேரில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.