ஒத்தை தாங்கும்!

திங்கள் காலை. போன் அலறியது.

"மேடம்... உங்க தம்பி... எலி ரூம்ல..." வாட்ச்மேன் குரல்.

ஆராய்ச்சிக்காரி விழுந்தடித்து ஓடினாள்.

தம்பி தரையில் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. ஏ.சி. குளிர் எலும்பு வரை ஏறியது.

"வழுக்கி விழுந்துட்டான், பாவம்!" என்றார் ஆய்வகத் தலைவர். அவள் புருஷன். "நேத்து சாயங்காலம் கூட எலிக்குத் தீனி போட்டான். என் கண்ணால பார்த்தேன்!"

எலிகளைப் பார்த்துக்கொள்வது தம்பி வேலை. சனி, ஞாயிறு அங்கே வேறு யாரும் வருவதில்லை, அவன் ராஜ்யம்தான். வெள்ளிக்கிழமை அவளுக்கு போன் செய்திருந்தான். 'அக்கா, முக்கியமான விஷயம்...'

'அப்புறம் பேசறேன்டா.' கட் செய்துவிட்டாள்.

பாவி! அந்த அப்புறம் இனி வரவே வராது.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் கூண்டுகளைக் காட்டினார். "என்ன மேடம், பாதி எலி செத்துக் கிடக்கு?"

"ஏதோ நோய்..." என்றார் தலைவர்.

அவள் குனிந்தாள். குண்டாக்கும் மரபணு இல்லாத எலிக்குத் தம்பி வைத்த பெயர் 'சும்மா'. அந்த மரபணு ஒரே ஒரு பிரதி இருந்தால் 'ஒத்தை'. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒத்தைக்குக் காதில் ஒரு வெட்டு, தம்பி கைப்பட.

செத்தது எல்லாம் சும்மா. ஒத்தை அத்தனையும் உயிரோடு!

"நோய் காதைப் பார்த்துட்டா வரும்?" அவள் நிமிர்ந்தாள். "ஒத்தைக்கு உடம்புல கொழுப்பு கொஞ்சம் கூட. சாப்பாடு இல்லேன்னா அதுதான் அதிக நாள் தாங்கும். இது பட்டினி சார்! நேத்து யாரும் தீனி போடல!"

"தீனிப் பெட்டி நிறைய இருக்கே?"

"எலி செத்தப்புறம் யாரோ நிரப்பியிருக்காங்க..."

"உளறாதே!" புருஷன் கத்தினார். "வெள்ளிக்கிழமையிலேர்ந்து பட்டினின்னா ஒத்தையும்தான் செத்திருக்கணும்!"

அவள் மெல்லத் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமைன்னு நான் சொல்லவே இல்லியேங்க..."

அவர் முகம் வெளுத்தது.

"ஆய்வு முடிவை நான் திருத்தினதை உன்கிட்ட சொல்லிடுவேன்னு நின்னான்... பிடிச்சுத் தள்ளினேன்... சாகடிக்கணும்னு இல்ல..."

விலங்கு பூட்டப்பட்டது. அவள் தம்பியின் தலையை மடியில் ஏந்தி வாய்விட்டு அழுதாள். ஒரே காலையில் தம்பியும் போனான், புருஷனும் போனார்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்ல செல்லாது. எலிதான் சாட்சின்னா கோர்ட்டே சிரிக்கும் மேடம். இந்த ஒத்தை சாட்சி தாங்குமா?"

கண்ணைத் துடைத்தாள்.

"தாங்கித்தானே ஆகணும் சார்... இனிமே நானும் ஒத்தைதான்!"