வேனுக்குப் பின்னால் ஒரு பைக்

மழை தூறிக்கொண்டிருந்தது. தொழிற்சாலை வாசலில் பைக்கை உறுமவிட்டபடியே துடைத்துக்கொண்டிருந்தவன் திரும்பினால்... ஒரு சாண் தள்ளி வெள்ளை மின்சார வேன். பூனைகூட வரும்போது கொஞ்சம் சத்தம் போடும்.

"ஹார்ன் அடிக்கத் தெரியாதா?"

"ரெண்டு தடவை அடிச்சேன். உங்க பைக்தான் பேசவிடல." ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

அந்தக் கண்கள்... மழையில் அலசி எடுத்த மாதிரி. அவன் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்காரன்; குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"ஒரு சீட் காலியா இருக்கு, வர்றீங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள நிரம்பலைன்னா கம்பெனில இந்த வேனை நிறுத்திடுவாங்க. அப்புறம் இதுல வர்றவங்க எல்லாம் ஆளுக்கொரு வண்டி எடுப்பாங்க. அத்தனை புகை."

"சத்தமில்லாத வண்டில எல்லாம் நான் ஏறமாட்டேன்" என்றான், கேன்டீன் கூட்டாளிகள் காதில் விழும்படி. வாய் சொல்லிவிட்டது. மனது தலையில் அடித்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து வேன் போகும் தெருவெல்லாம் அவனும் போனான். பக்கக் கண்ணாடியில் அவளுடைய ஒரு கண் தெரியும். அந்த ஒற்றைக் கண்ணுக்காக, புகை விடாத வண்டியின் பின்னால் புகை விட்டுக்கொண்டே ஊரைச் சுற்றினான்.

வியாழக்கிழமை வேன் ஓரங்கட்டி நின்றது. அவள் இறங்கி, நனைந்தபடி நேராக வந்தாள்.

"சார், நான் மிச்சம் பிடிக்கிறதை நீங்க பின்னாலயே செலவு பண்ணிட்டு வர்றீங்க."

"நான் சும்மா..."

"சும்மா யாராவது சுத்துவழில வருவாங்களா? வர்றதா இருந்தா உள்ள வாங்க. இல்லைன்னா பின்னால வராதீங்க."

வேனுக்குள் இருந்தவர்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வேடிக்கை பார்த்தார்கள்.

விஷயம் கேன்டீனுக்கு அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. "ஏறிப் பாரு மச்சான், ஒரு மாசத்துக்கு உன்னை வச்சு ஓட்டறோம்" என்றான் கூட்டாளி.

யோசித்தான். "ஒரு மாசம்தானே..."

வெள்ளிக்கிழமை கொட்டுகிற மழையில் நிறுத்தத்தில் நின்றான். கையில் குடை, பழக்கதோஷத்தில் தலையில் ஹெல்மெட். கதவு திறந்தது. அவளுக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலி. ஏறி உட்கார்ந்ததும் வேன் நகர்ந்தது.

"பைக் ரிப்பேரா?"

"நல்லாத்தான் இருக்கு. இனி ஞாயித்துக்கிழமை துடைக்கிறதுக்கு மட்டும்." ஹெல்மெட்டைக் கழற்றினான். "பொய் சொல்ல வரலைங்க. புகைக்காக ஏறல... உங்களுக்காகத்தான் ஏறினேன்."

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதுக்கா இருந்தா என்ன... ரோட்டுல ஒரு வண்டி குறைஞ்சுது."

அவன் முகம் சுண்டிப்போனது.

"இந்த சீட்டை நாலு பேர் கேட்டாங்க" என்றாள், மெல்ல. "ஆள் வருதுன்னு சொல்லிட்டேன்."

"நான் வரலைன்னா? வேனே போயிருக்குமே..."

"போயிருக்கும்." இப்போதுதான் திரும்பினாள். இரண்டு கண்களும் முதல்முறையாக இத்தனை பக்கத்தில்... "அதான் நேத்து மழைன்னுகூடப் பார்க்காம இறங்கி வந்து திட்டினேன்."