‘வாரேன்’ என்று ஒரு பைப்

சாயங்காலம் நாலு மணிக்கு, எட்டு மாதமாக நகராமல் கிடந்த கணினித் திரை நகர்ந்தது.

சித்ரலேகா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். பேட்டையில் பட்டறைகளுக்கு மேலே இருந்த அந்த மாடி அறையில் அவள் மட்டும்தான். கீழே லேத் கீச்சிட்டது. ஆடிக் காற்று புழுதியையும் எண்ணெய் வாடையையும் அள்ளி வந்து கொட்டியது, அதற்கும் அடியில், பைய, ஆற்று வண்டலின் வாடை.

அந்தத் திரையில் ஓடும் நிரலை எழுதியது அவளும் கணவன் சிவகணேஷும். ஆற்றங்கரைக் கணினிகள் நீர்மட்டத்தை அனுப்பும், இது வாங்கிக்கொள்ளும். நடுவே நெட்வொர்க்கில் பெயர் வைத்த ஒரு பைப், தகவல் ஓடும் குழாய். மறுமுனையை யாராவது திறக்கும்வரை இந்த முனை காத்துக் கிடக்கும். ‘வாரேன்’ என்று அதற்குப் பெயர் வைத்தது அவன்தான், குசும்புக்காரன். கார்த்திகை வெள்ளத்தன்று போனில், “பம்ப் ஹவுஸுக்குப் போறேன்” என்றவனை அவள் விடவில்லை. “வாரேன்னு சொல்லுங்க.” சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு அங்கிருந்த கணினியும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை. நிரலை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

திரையில்: பம்ப் ஹவுஸ் – வாரேன்.

அங்கே காவலுக்கு இருக்கும் மணிராஜைக் கூப்பிட்டாள்.

“அங்கன வெறும் தூணுதான் நிக்கி, அக்கா. கரண்டு ஏது?”

அடுத்த வரி: குறுக்குத்துறை – வாரேன். அந்தப் படித்துறைக் கணினியை அவளே பழைய இரும்புக்குப் போட்டிருந்தாள்.

ஆற்றிலிருந்து டவுனுக்கு வரும் வழி அது. மிச்சமிருப்பது டவுன் வீட்டிலுள்ள அவன் லேப்டாப். பள்ளி விட்டு வந்து மகள் சொர்ணா தனியாக இருப்பாள். எட்டு வயது.

நிரலை நிறுத்தினாள். நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள்.

வீடு – வாரேன். நீர்மட்டம்: ஒரு அடி.

போன் அடித்தது.

“அம்மா, அப்பா வந்தாச்சு! தரையெல்லாம் தண்ணி.”

“சொர்ணா, வெளிய ஓடு! ஓடு பிள்ளே!”

“கையப் பிடிச்சிருக்காங்க. சில்லுனு இருக்கு.”

சாவி. சாவி எங்கே. வீட்டுக்கு இருபது நிமிடம்.

இரண்டு அடி. மூன்று.

“சொர்ணா, அப்பாகூடப் போகாத!”

“போறேன்னு சொல்லக் கூடாதாம், அப்பா சொல்லுதாங்க.” குழந்தையின் குரலுக்குள் தண்ணீர் களகளத்தது. “நான் வாரேம்மா.”

நாலு அடி. சொர்ணாவின் உயரம் அவ்வளவுதான்.

மறுமுனை மூடிக்கொண்டது. பிடுங்கிய வயர் அவள் கையில் இருக்க, இந்த முனை மறுபடியும் காத்திருக்கத் தொடங்கியது.