வினைல் கூரை இறங்கியபோது

இந்தத் தடவை தட்டும் சத்தம் வெர்லாவின் தலைக்கு மேலே கேட்டது.

புருஷன் ஓரெஸ்ட் குள்ளம். எம்பிக் குதித்தாலும் அவ்வளவு உயரத்துக்கு அவன் கை எட்டாது. பனி குவிந்திருக்கும், மனுஷன் அதன்மேல் ஏறி நின்று தட்டியிருப்பான் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் மூன்று மணி. வெளியே சமவெளி முழுக்க வெள்ளைக் காற்று சுழன்றடித்தது. நீட்டிய கை தெரியாது. ஊரின் ஒரே ஐஸ் ஹாக்கி தளத்துக்குக் கூரையும் சுவரும் எல்லாம் ஒரே வினைல் பிளாஸ்டிக் தோல்தான். தூண் கிடையாது, பின்புறக் கொட்டகையில் இருக்கும் மோட்டார் ஊதுகிற காற்றில் உப்பி நிற்கிறது. பதினோரு குளிர்காலமாக அதைக் கட்டிக் காப்பது இந்தப் புருஷன் பெண்டாட்டிதான். பனி கொட்டினால் அவள் உள்ளேயிருந்து, துணி சுற்றிய நீளக் கழியால் கூரையை இடித்துப் பனியைச் சரியவிடுவாள். அவன் வெளியே சுற்றிவந்து அடியில் குவிந்ததை அள்ளுவான். நாலு எட்டுக்கு ஒருமுறை வினைலில் இரண்டு தட்டுத் தட்டுவான். தட்டு கேட்டால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். போன வருஷப் புயலில், பக்கத்துப் பண்ணைக்காரர் மாட்டுக்கொட்டிலுக்கும் வீட்டுக்கும் நடுவிலேயே வழிதவறி விறைத்துச் செத்தார். அன்றிலிருந்து, தட்டு கொஞ்சம் தாமதித்தாலே வெர்லா உள்ளேயிருந்து கழியால் தட்டிக் கேட்பாள்.

கழியால் இரண்டு தட்டினாள். பதில் உடனே வந்தது, அவள் கழியை இறக்குவதற்குள்ளேயே.

குளிரில் இறுகிய வினைலின் வாடையும், தளத்தோரத் தின்பண்டக் கடைப்பக்கம் யாரோ நேற்று வதக்கிய வெங்காயத்தின் மிச்ச வாடையும், மோட்டாரின் ஓயாத உறுமலும், தோலை ஊடுருவி வந்த பால் போன்ற வெளிச்சமும் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. தட்டுதான் வழக்கம்போல இல்லை. கோல் வலைக்குப் பின்னால் கேட்டது, அவள் திரும்புவதற்குள் கடைப்பக்கம் கேட்டது, மறுபடி மேலே. இடுப்பளவு பனியில் ஒரு கிழவன் இப்படியா ஓடுவான் என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

இடுப்பில் மாட்டியிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

“கிழவி, கேக்குதா? கோவிச்சுக்காத. இன்னும் கொட்டகைக்குள்ளதான் கெடக்கேன். கதவைப் பனி அடச்சிருச்சு. இந்தப் பாழாப்போன பெட்டிக்கும் இப்பத்தான் உசுரு வந்துச்சு.”

“அப்ப நீ சுத்தி வரலையா?”

“எங்கிட்டு வர? ஒரு தட்டுகூடத் தட்டல.”

அவன் உயிரோடு இருக்கிறான். அந்த நிம்மதியில் கண் கலங்கியது அவளுக்கு. புயலில் மாட்டாமல் கூரைக்குக் கீழே, கதகதப்பாக, பத்திரமாக இருக்கிறான். அதற்கு மேல் என்ன வேண்டும்?

முதுகுக்குப் பின்னால் இரண்டு தட்டு.

திரும்பினாள். வெளியேயிருந்து தட்டினால் வினைல் உள்பக்கமாகக் குழியும். பதினோரு வருஷமாய்ப் பார்த்துப் பழகிய சங்கதி. இது குழியவில்லை. உள்ளங்கை அளவுக்கு வெளியே புடைத்தது. அமுங்கியது. மறுபடி புடைத்தது.

உள்ளேயிருந்து.

ஐஸ் தளம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காலியாகக் கிடந்தது. யாரும் இல்லை.

சுழல்கதவுக்கு ஓடினாள். அதன் அறைகளில் பனி திணிந்து இறுகியிருந்தது, அசையவில்லை. அவசரக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. தோளால் முட்டினாள். மறுபக்கம் பனி சுவராக நின்றது. இன்னொரு கதவு கிடையாது.

“மோட்டார் வாய்ல பனி ஏறிப் பொகையுது,” என்றான் ஓரெஸ்ட். இப்படியே ஓடினால் எரிந்துபோகும், கொட்டகையோடு தானும் போக வேண்டியதுதான் என்றான். அரைமணி நேரம் நிறுத்தித்தான் ஆக வேண்டுமாம். ஆட்டக்காரர் பெஞ்சுக்கடியில் படுத்துக்கொள், இறங்குகிற தோலைத் தடுப்புப் பலகை தாங்கிக்கொள்ளும் என்றான்.

“நிறுத்தாத. ஓரெஸ்ட், இங்க என்கூட யாரோ இருக்காங்க.”

“நல்லதாப் போச்சு, தொணைக்கு ஆச்சு. அவங்களையும் படுக்கச் சொல்லு.”

உறுமல் நின்றது.

அவள் பெஞ்சுக்கடியில் தவழ்ந்து நுழைந்தாள். பலகை இடுக்கில் தளம் தெரிந்தது. தோல் பெருமூச்சு விட்டுக்கொண்டு மெல்ல இறங்கியது. வெளிச்சம் மங்கியது. தோல் முதலில் கோல் வலைமேல் படிந்தது. வலையின் வடிவம் தெரிந்தது. ஐஸ் வழிக்கும் வண்டிமேல் படிந்தது, வண்டி தெரிந்தது.

நடுத்தளத்தில் ஒன்றுமில்லை.

அங்கேயும் தோல் நின்றது.

ஆள் உயரத்தில். தலை. தோள். பக்கவாட்டில் விரித்த இரண்டு கை, எந்தக் கைக்கும் இருக்கக்கூடாத நீளத்தில். வாய் இருக்க வேண்டிய இடத்தில் வினைல் உள்ளே இழுபட்டது. வெளியே உப்பியது. உள்ளே. வெளியே.

“படுத்துட்டியா, கிழவி?” என்றது வாக்கி-டாக்கி. “சத்தத்தையே காணோம்?”

இரண்டு கையாலும் அதைப் பொத்தினாள்.

தலை திரும்பியது.

மடிப்பு மடிப்பாக வினைலை இழுத்துக்கொண்டு வந்தது. அவசரமில்லாமல். பலகைக்கு அருகில் வந்து நின்றது. பிறகு அவள் படுத்திருந்த உயரத்துக்குக் குனிந்தது.