காயாத ஆக்ஸில்

இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

காலையிலிருந்து விடாமல் தூறிய மழையில், குண்டடத்திலிருந்து முதலிபாளையம் வரை தார்ப்பாய்கூடப் போர்த்தாமல் டெம்போவில் நனைந்தபடி வந்த பழைய ஆக்ஸில் அது. மெக்கானிக் ஷெட்டின் சிமெண்டுத் தரையில் இறக்கிப் போட்டு ஒரு மணி நேரமாகியும், நடுவில் பூசணிக்காய்போல் உப்பியிருந்த அதன் கூட்டின்மேல் இசக்கிமுத்து உள்ளங்கையை வைத்தபோது, காய்ச்சல்காரனின் வயிற்றைத் தொட்டது போலிருந்தது. கையைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்தான். துணி விரலை விட்டு வராமல் பிசுபிசுவென்று ஒட்டியது.

"பொருந்துமுங்களா தம்பி?" என்றார் சபுரா பீவி.

வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் குடையோடு உட்கார்ந்திருந்தார். கணவர் இறந்தபின், பனியன் கம்பெனிகளில் கட்டிங் வேஸ்ட் எடுத்து விற்றுத்தான் குடும்பத்தை நடத்துகிறார். அந்த மூட்டைகளை ஏற்றி ஏற்றியே அவருடைய பழைய பிக்கப்பின் பின் ஆக்ஸில் விரிசல் விட்டுவிட்டது. இந்த மாடலுக்குப் புதிது வருவதில்லை. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் சுப்பண்ணனிடம் கேட்டு இதை வரவழைத்தது இசக்கிமுத்துதான். நாளைக் காலை லோடு எடுக்கவில்லையென்றால் கம்பெனிக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள்.

"அளவு சரியாத்தான்க்கா இருக்கு. இருட்டுறதுக்குள்ள மாட்டிருவேன்."

கோவில்பட்டியிலிருந்து வந்து இருபது வருடமாகக் கிரீசில் புரள்கிறவன் அவன். எலி அழுகிக் கிடந்த என்ஜினைக் கையால் வழித்துப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து புளிச்சோறு தின்றிருக்கிறான். அப்படிப்பட்டவனுக்கே, இடதுபக்க பிரேக் டிரம்மைத் தட்டிக் கழற்றியதும் குமட்டிக்கொண்டு வந்தது.

உள்ளே சுற்றியிருந்ததை முதலில் நூல் என்றுதான் நினைத்தான். இந்த ஊரில் எந்தச் சக்கரத்தைக் கழற்றினாலும் நூல் இருக்கும். பிடித்து இழுத்தான். கறுப்பாக, முழம் முழமாக, எண்ணெய் சிக்குப் பிடித்த முடி வந்தது. வந்துகொண்டே இருந்தது. கூடவே, வெந்நீரில் முக்கிய கோழியின் இறகு நாற்றம். முடியின் அடியில் நகமளவுக்கு வெள்ளையாக, மெத்தென்று ஏதோ ஒட்டியிருந்தது. தோல் என்று தெரிந்தும் அவன் பெருவிரல் அதை நசுக்கிப் பார்த்தது. வழுக்கிக்கொண்டு போனது.

"என்னமோ செத்துக் கெடக்குதாட்ட நாறுதுங்களே," என்று சபுரா பீவி முக்காட்டால் மூக்கைப் பொத்தினார்.

"எலியா இருக்கும்க்கா."

பொய் சொல்லிவிட்டு, ஷெட்டின் பின்பக்கம் போய்ச் சுப்பண்ணனுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, இது எந்த வண்டில கெடந்த ஆக்ஸிலு?"

"ஏனுங்க, அளவு சேரலீங்களா?"

"அளவு கெடக்கட்டும். உள்ள பூரா முடியா இருக்கு. தோலு ஒட்டிக்கிட்டு இருக்கு. ஈரமா."

மழைச் சத்தத்துக்கு நடுவே சுப்பண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்தப் புள்ள சிக்கி நாலு வருசமாச்சுங்களே. இன்னுமா காயலீங்க?"

அத்தோடு வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது எடுக்கவில்லை.

அதை அப்படியே உருட்டி மழையில் தள்ளியிருக்கலாம். ஆனால் பின்சக்கரம் இல்லாமல் கட்டைமேல் ஏறி நின்ற பிக்கப்பைப் பார்த்தான். இந்தம்மாவிடம் என்னவென்று சொல்வது? அதற்குள் அவரே எழுந்துவிட்டார்.

"ஊட்டுக்குப் போயித் தொழுதுட்டு வந்தர்றனுங்க. வண்டி எடுக்க எங்க பையன் ஜாஹித்தை வரச் சொல்லியிருக்கறேன்."

இசக்கிமுத்து தலையாட்டினான்.

கூட்டின் அடி போல்ட்டைக் கழற்றி ஆயிலை வாளியில் வடித்தான். கறுப்பாக, கந்தக வாடையோடு வர வேண்டியது, வடிகஞ்சி நிறத்தில் திரிதிரியாக விழுந்தது. விழுந்த கொஞ்ச நேரத்தில், ஆறிய கறிக்குழம்பின் மேல்போல மஞ்சளாக ஒரு ஆடை படர்ந்தது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, டீசல் ஊற்றி மூன்று தடவை அலசினான். மூன்றாவது தடவையும் டீசல் கஞ்சியாகத்தான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு புது ஆயிலை ஊற்றி போல்ட்டை முறுக்கினான். கைக்கு வந்தவரை முடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு டிரம்மை மாட்டி, ஆக்ஸிலை வண்டிக்கடியில் ஜாக்கியில் ஏற்றி, வண்டியைத் தாங்கும் கமான் பட்டையோடு சேர்த்துப் பிடித்து யூ போல்ட்டுகளைப் போட்டான். கீழே மல்லாந்து படுத்து ஒவ்வொன்றாக இறுக்கினான். மூச்சு முட்டியது. மூக்கிலிருந்த துண்டை அவிழ்த்து எறிந்தான்.

கரண்ட் போனது.

எதிர் கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்த நிட்டிங் மெஷின்கள் ஒரே மூச்சில் அடங்கின. அந்த அமைதியில், முகத்துக்கு ஒரு சாண் மேலே, வாய் நிறையச் சோற்றை அடைத்துக்கொண்டு யாரோ மெல்லுவது போலச் சத்தம் கேட்டது.

மெதுவாக. ஈரமாக.

செல்போன் வெளிச்சத்தை அடித்தான். இடதுபக்க டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. என்ஜினோடு இன்னும் எதையும் இணைக்கவில்லை. தானாகச் சுற்றியது. செல்போன் நழுவி நெஞ்சின்மேல் விழுந்தது.

கத்த வாயைத் திறந்தான்.

ஒரு சொட்டு விழுந்தது. நாக்கில்.

உப்பு. கொழகொழப்பு. யாரோ வாயில் வைத்திருந்து துப்பிய சூடு.

காறித் துப்பினான். மீண்டும் துப்பினான். தொண்டையில் ஏதோ ஒட்டியிருந்தது. விரலை விட்டுத் தடவினான். முடி. பிடித்து இழுத்தான். வந்தது. இன்னும் வந்தது. வயிற்றுக்குள் எதுவோ அதோடு சேர்ந்து நகர்ந்தது. மத்தியானம் தின்ற சோறு புளித்து மேலே வந்து, அந்த முடியிலேயே தடுத்து நின்றது.

வெளிச்சத்தில் பார்த்தான். முடியின் மறுமுனை மேலே போயிருந்தது. டிரம்முக்குள்.

அது விறைத்தது.

டிரம் ஒரு சுற்றுச் சுற்றியது. அவன் தலை தரையை விட்டு எழும்பியது. கடித்தான். அறுபடவில்லை. பல்லிடுக்கில் வழுக்கியது. இன்னொரு சுற்று.

வாசலில் செருப்புச் சத்தம்.

"தம்பி? ஆச்சுங்களா?"

வராதீங்க. வராதீங்கக்கா. வாய் நிறைய முடி. சத்தம் வெளியே வரவில்லை.

ஈரக் கால்கள் வண்டியின் இடதுபக்கம் வந்து நின்றன.

"ஏனுங்க, இருட்டுல என்ன பண்றீங்க?"

சபுரா பீவி குனிந்தார். முக்காடு நழுவியது. கொண்டை அவிழ்ந்து, நரைத்த முடி மொத்தமும் தோளைத் தாண்டி, சுற்றிக்கொண்டிருந்த டிரம்மின் மேல் சரிந்தது.