பத்தாவது ஒட்டு

வியாழக்கிழமை காலை, சேய்பால் ஊர் தபால் ஆபீஸ் கதவைத் திறந்த கையோடு நெலிடா பிரெசான் உள்ளே வந்து ஒரு தந்திப் படிவத்தை நீட்டினாள். போஸ்ட் மாஸ்டர் கசில்தா அம்மாள் அதை இரண்டு முறை படித்தார். ரொசாரியோ நகரில் இருக்கும் தங்கைக்கு நான்கே வார்த்தைகள்: "கல்யாணம் இல்லை. வர வேண்டாம்."

கல்யாணம் சனிக்கிழமை. நெலிடாவுக்கு நாற்பத்தொரு வயது. அதற்காக மூன்று வருஷம் காத்திருந்தவள்.

"கம்பியில ஏதோ கோளாறு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதான் போகும்," என்று கசில்தா படிவத்தைப் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் வைத்தார். கம்பி நன்றாகத்தான் இருந்தது. "அதுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

"நான் சொல்றேன்!" என்றான் தீத்தோ. பக்கத்துக் கடை முடிதிருத்துபவன். சுரைக்குடுக்கையில் மாத்தே என்ற இலைக் கஷாயம் உறிஞ்சுவதற்கென்று தினமும் இங்கே வருகிறவன். ஊரில் ஒன்று நடந்து அது தீத்தோவுக்குத் தெரியவில்லை என்றால், அது நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

"நீ வாயை மூடிக்கிட்டு குடி. நெலிடா, சொல்லும்மா."

நெலிடா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கிக் கழகத்தில் கோப்பைப் போட்டி. அவள் அண்ணன் எவரிஸ்தோ பத்துக் குண்டு சுட்டார். முந்நூறு மீட்டர் தள்ளி, டார்கெட்டுக்குக் கீழே குழிக்குள் நின்றது இலாரியோ, அவள் கட்டிக்கொள்ளப் போகிற மனிதர். குண்டு பட்டால் தட்டுக்கோலை உயர்த்தி இடத்தைக் காட்டுவார். சட்டத்தை இறக்கித் துளைமேல் காகித ஒட்டு ஒட்டி மறுபடி ஏற்றுவார். படாவிட்டால் சிவப்புக் கொடி. ஒன்பது முறை கோல் உயர்ந்தது. பத்தாவதுக்குக் கொடி. கோப்பை பக்கத்து ஊருக்குப் போய்விட்டது.

"செவ்வாய்க்கிழமை அந்தத் தாளை எடுத்து எண்ணினாங்க. ஒட்டு ஒன்பது இல்லை, பத்து."

தீத்தோவால் பொறுக்க முடியவில்லை. "ஒட்டு இருந்தா துளையை அவன் பார்த்துட்டான்னு அர்த்தம்! பார்த்துட்டுத்தான் கொடி காட்டியிருக்கான்! மூணு வருஷமா பொண்ணு தரமாட்டேன்னு இழுத்தடிச்ச மனுஷன்மேல வஞ்சம் தீர்த்துக்கிட்டான்னு ஊரே..."

"தீத்தோ!"

"நான் சொல்லலை, ஊரு சொல்லுது."

நெலிடா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர் பொய் சொல்லமாட்டார் அக்கா. ஆனா 'பொய்யனுக்கு என் தங்கச்சி கிடையாது'ன்னு அண்ணன் சொல்லிட்டார். இவரு என்னடான்னா, 'உங்க அண்ணன் முகத்துல முழிக்காம உன்னால இருக்க முடியாது, விட்டுடு'ங்கிறார். ரெண்டு பேர்ல யாரை விடுவேன் நான்?"

கசில்தா எழுந்து தொப்பியை எடுத்தார். சர்ச்சில் காணாமல் போன மணிக்கயிற்றை அவர் கண்டுபிடித்துக் கொடுத்ததிலிருந்து, அவர் தொப்பியை எடுத்தால் தீத்தோவும் கடையைப் பூட்டிவிடுவான். தாடையில் பாதி சோப்போடு ஆள் உட்கார்ந்திருந்தால்கூட அவனுக்குக் கவலையில்லை.

கழகத்தில் செயலாளர் செல்சோ தொப்பையைத் தள்ளிக்கொண்டு வந்து அலமாரியைத் திறந்தார். திறந்ததும் ஒரு கரப்பான் தீத்தோவின் சட்டைக் கைமீது ஏற, அவன் குதித்த குதியில் சுவரில் இருந்த படம் ஆடியது.

"இந்தத் தாளைக் குழியிலிருந்து எடுத்து வந்தது நான்தான், எல்லார் கண்ணெதிரேயும்," என்றார் செல்சோ.

"அப்ப எண்ணலையா?"

"ஜெயிச்சவன் கோப்பையைத் தூக்கிட்டு ஆடுறான், நான் ஒட்டை எண்ணிக்கிட்டு நிப்பேனா? உள்ளே வச்சுப் பூட்டினேன். சாவி ஆணியில தொங்கும். கோப்பை துடைக்கிறவர், கொடியைத் தைச்சுக் கொண்டு வர்றவங்கன்னு நாலு பேர் எடுப்பாங்க."

"செவ்வாய்க்கிழமை எண்ணணும்னு யாருக்குத் தோணுச்சு?"

"எவரிஸ்தோ வீட்டுலதான் கேட்டாங்க. மனுஷன் ஞாயித்துக்கிழமையிலிருந்து சாப்பிடலையாம்."

கசில்தா தாளை ஜன்னலோரம் விரித்தார். கருப்பு வட்டத்துக்குள் பத்துச் சதுரங்கள். ஒன்பது, வைத்த மாதிரியே இருந்தன. பத்தாவதின் ஓரங்களைக் கரப்பான் கொறித்திருந்தது. பாதி கழன்று தொங்கியது. தபால்தலைச் சாமணத்தால் அதைத் தூக்கிப் பார்த்தார். மற்றவை செய்தித்தாளில் மை பூசியவை. இது வழவழவென்று இருந்தது. பின்பக்கம் நீளமாக நான்கு துருக்கோடுகள் தெரிந்தன. அவர் தாளை மடித்துக்கொண்டார்.

குழியில் இலாரியோ அடுத்த வாரத்துக்கான சட்டங்களுக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். பொய்யன் என்று பேர் வாங்கி வேலை போகப்போகிற ஆள் என்று யாரும் நினைக்க முடியாது. தூரிகையை மேலிருந்து கீழே இழுத்து, சுருக்கமில்லாமல் கையால் நீவி, நாலு மூலையையும் அழுத்தினார். பசைச்சட்டி லேசாக நீலம் பாய்ந்திருந்தது. அவர் நகக்கண்களிலும் அதே நீலம்.

"தீத்தோ, சட்டியில கை வச்சா விரலை வாய்கிட்ட கொண்டுபோயிடாதே," என்று இலாரியோ எச்சரித்தார்.

"ஏன், உங்க சமையல் அவ்வளவு மோசமா?"

இலாரியோ சிரிக்க முயன்றார், வரவில்லை.

"பத்தாவது குண்டு எங்க போச்சு?" என்று கேட்டார் கசில்தா.

"கீழே, இடப்பக்கம். தாளுக்கு வெளியே மண்மேட்டுல புழுதி கிளம்புச்சு. அவர் ஜெயிக்கணும்னுதான் நானும் வேண்டிக்கிட்டிருந்தேன். அதுக்காகப் படாததைப் பட்டதுன்னு காட்ட முடியுமா?"

"போட்டி நடக்கும்போது குழியில எத்தனை சட்டி பசை?"

"இது ஒண்ணுதான்."

எவரிஸ்தோ வீட்டுக் கொல்லையில், திராட்சைப் பந்தலின் கீழ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பத்தடி தூரத்தில் தீத்தோ வருவதைப் பார்த்து, "என்ன செல்சோ, இந்தப் பக்கம்?" என்றார்.

"செல்சோவா! அந்தத் தொந்தியும் நானும் ஒண்ணா?" தீத்தோவுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

"வெயில் கண்ணைக் கூசுது," என்று எவரிஸ்தோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சிபாரிசுக்கு வந்திருந்தா அப்படியே போயிடுங்க."

அவர் மனைவி பியெரினா தையல் மிஷினை விட்டு எழுந்து வந்தாள். கசில்தா தன் கோட்டுப் பித்தானைக் காட்டி ஊசி கேட்டார். பியெரினா டப்பாவைத் திறந்தாள். ஊசிகள் உதிரியாகக் கிடந்தன. எடுக்கப்போய் விரலில் குத்திக்கொண்டாள்.

"ஏம்மா, காகித உறையிலயே வச்சுக்கக் கூடாதா?"

"கிழிஞ்சு போச்சு," என்றாள் பியெரினா. கசில்தா அவள் கையைப் பிடித்து, தன் கைக்குட்டையால் ரத்தத்தை ஒற்றினார். "நாலு மணிக்குக் கழகத்துக்கு ரெண்டு பேரும் வாங்க," என்று மட்டும் சொன்னார்.

நாலு மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். எவரிஸ்தோ ஒரு கோடியிலும் இலாரியோ மறு கோடியிலும் உட்கார்ந்தார்கள். நடுவில் நெலிடா நின்றுகொண்டிருந்தாள். உட்கார அவளுக்கு இடம் தெரியவில்லை.

கசில்தா தாளை மேஜையில் விரித்தார். "செல்சோ, இதுல கரப்பான் எதைக் கொறிச்சிருக்கு?"

செல்சோ மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். "ஒண்ணை மட்டும்தான்."

"ஏன் ஒண்ணை மட்டும்? இலாரியோ, உங்க பசையில என்ன கலக்குறீங்க?"

"மயில்துத்தம், அந்த நீல விஷம். குழியில கரப்பான் தொல்லை. கலக்கலைன்னா காலையில தாள் சல்லடையா கிடக்கும்."

"பாருங்க. ஒன்பது ஒட்டோட ஓரத்துலயும் நீலம் கசிஞ்சிருக்கு. கரப்பான் கிட்டவே போகலை. பத்தாவது வெறும் மைதாப் பசை, அடுப்படியில கிண்டினது. குழியில இருந்ததோ ஒரே சட்டி. அப்படின்னா இது குழியில ஒட்டினது இல்லை. இங்க, இந்த அலமாரிக்கு வந்த பிறகு யாரோ துளை போட்டு ஒட்டினது. இலாரியோ காட்டின கொடி சத்தியமான கொடி."

"அடி சக்கை!" என்று தீத்தோ மேஜையைத் தட்டினான். நெலிடா இலாரியோவின் தோளைப் பற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு? பேரைச் சொல்லுங்க! காகிதத்துல அந்தத் துருக்கோடு..."

"தீத்தோ, போதும்." கசில்தாவின் குரல் உயரவில்லை. "இதை ஒட்டினவங்களுக்கு யார்மேலயும் பகை இல்லை. ஒட்டு இருந்தா குண்டு பட்டதுன்னு அர்த்தம், அது வரைக்கும்தான் அவங்களுக்குத் தெரியும். ஒட்டு இருந்தா குழியில இருக்கிறவன் பார்த்துட்டு மறைச்சான்னும் ஆகுமே, அது தோணலை. நான் நிரூபிக்க வேண்டியது முடிஞ்சுது. பேரு எனக்கு வேண்டாம்."

பிறகு பியெரினா எழுந்தாள்.

"நான்தான். ஊசி சுத்தி வச்சிருந்த கருப்புக் காகிதம், அதான் அந்தத் துருக்கோடு. திங்கக்கிழமை தைச்ச கொடியை வைக்க வந்தப்ப பின்னல் ஊசியால குத்தி ஒட்டினேன்." அவள் இலாரியோவைப் பார்க்க முடியாமல் கணவனைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமையிலிருந்து நீங்க ஒரு வாய் சாப்பிடலை. பத்தும் பட்டிருக்குன்னு எண்ணினா எழுந்து உட்காருவீங்கன்னு நினைச்சேன். இவர் தலையில விடியும்னு சத்தியமா தெரியாது. விடிஞ்ச பிறகு, சொன்னா நீங்க மறுபடி படுத்துடுவீங்களேன்னு பயம். என்னை மன்னிச்சிடுங்க இலாரியோ."

எல்லாரும் எவரிஸ்தோவைப் பார்த்தார்கள். அவர் கத்துவார் என்று செல்சோ ஜன்னல் பக்கம் நகர்ந்தே விட்டார். எவரிஸ்தோ கத்தவில்லை.

"பத்தாவது சுடும்போது எனக்குக் கருப்பு வட்டமே தெரியலை," என்றார். "ஒரு வருஷமாவே மங்கல். அன்னிக்கு வெறும் வெளிச்சத்தைப் பார்த்துச் சுட்டேன். கொடி ஆடினதும் நியாயம்தான்னு மனசுக்குத் தெரியும். ஆனா பத்து ஒட்டு இருக்குன்னு வந்து சொன்னாங்க பாருங்க, அதைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். அவனைப் பொய்யன்னு சொல்லிட்டா என் கண்ணு நல்லா இருக்குன்னு ஆயிடும் இல்லையா? அதான் சொன்னேன்." அவர் பியெரினாவைக் காட்டினார். "இவ காகிதத்துல ஒட்டினா. நான் அந்தப் பொய்யை ஊருக்கே ஒட்டினேன்."

இலாரியோ எழுந்து வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தீத்தோவின் மாத்தே குடுக்கையை வாங்கி அவர் கையில் வைத்தார்.

அஞ்சு மணிக்குக் கசில்தா தந்தி அனுப்பினார். பழைய நான்கு வார்த்தைகளையும் அடித்துவிட்டு, நெலிடாவே வேறு எழுதிக் கொடுத்திருந்தாள்: "சீக்கிரம் வா. கேக் நீதான் செய்யணும்."

சனிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கூட்டம் தாங்கவில்லை. மாப்பிள்ளை நகங்களை எவ்வளவு தேய்த்தும் நீலம் போகவில்லை. பெண் வீட்டுச் சாட்சியாக எவரிஸ்தோ கையெழுத்துப் போட வேண்டும். பேனாவோடு குனிந்தவர் அப்படியே நின்றார். கோடு எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை.

இலாரியோ ஆள்காட்டி விரலைப் பதிவேட்டில் வைத்தார். "இங்க, மச்சான்."

எவரிஸ்தோ அந்த நீல நகத்துக்குப் பக்கத்தில் பேனாவை ஊன்றிக் கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்து, "பட்டுச்சா?" என்று கேட்டார்.

பட்டுச்சு என்று சொல்லித் தொலையேன் என்று தீத்தோ கண்ணாலேயே கெஞ்சினான். இலாரியோ ஏட்டைப் பார்த்தார், நெலிடாவைப் பார்த்தார்.

"கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. இடப்பக்கம்."

எவரிஸ்தோ சிரித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு, கண்ணில் தண்ணீர் வர வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ சொன்னா சரிதான் மாப்பிள்ளை," என்று தங்கையின் கையை எடுத்து அவர் கையில் வைத்தார்.