அந்தரத்தில் நின்ற நாற்காலி

"தள்ளுங்க... தள்ளுங்க... எனக்கு நிறுத்தத் தெரியாது!"

இல்வா திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீல அங்கி போட்ட ஓர் ஆறடி உருவம் இரண்டு கைகளையும் சிறகாய் விரித்தபடி நேராகச் சறுக்கி வந்தது. அவளையும், அவள் உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சையும் சேர்த்து வாரிக்கொண்டு பனிமேட்டுக்குள் போய் விழுந்தது.

ஈஸ்டர் விடுமுறை. நார்வேயின் ஸ்டோர்லியா மலைச்சரிவு முழுக்க வெயில்... பனி இளகிப் பாயசம் மாதிரி குழைந்துகிடந்தது. வருடம் பூராவும் நோயாளிகளின் வாய்க்குள்ளேயே குனிந்துகிடக்கும் பல் மருத்துவர் இல்வாவுக்கு, மகள் தீரிலோடு கிடைத்த ஒரே ஒரு முழுநாள் இது. அதிலா இப்படி?

மூக்கு நுனியில் பனியோடு நிமிர்ந்தாள். எதிரே இரண்டு கண்கள். மழை நின்ற பிறகு கடல் காட்டுமே ஒரு நிறம்... அந்தச் சாம்பல் கலந்த பச்சை. ஒரு விநாடி, கோபப்பட வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோனது.

"அடி பட்டுச்சாங்க?"

"பிரேக் இல்லாம எதுக்கு மலை ஏறுறீங்க?" கோபம் திரும்பிவிட்டது.

"ஏறும்போது தேவைப்படலைங்க... இறங்கும்போதுதான் தெரிஞ்சுது."

எட்டு வயசு தீரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நார்வேக்காரர்தானே நீங்க? ஸ்கீயில சறுக்கத் தெரியாதா?"

"மெதுவா பேசும்மா! யாராவது கேட்டா பாஸ்போர்ட்டைப் பிடுங்கிடுவாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "என் பேரு எஸ்பென். மேற்குக் கடற்கரையில படகு ஓட்டுறேன். எங்க தீவுல காலையில பனி விழுந்தா, மதியமே மழை வந்து கழுவிட்டுப் போயிடும். கூட வந்த பயலுங்க என்னை இங்கே நிறுத்திட்டு உச்சிக்குப் போயிட்டானுங்க."

"சும்மா பல்லைக் காட்டாதீங்க," என்றாள் இல்வா.

"எங்கம்மா பேரு இல்வா. பல் டாக்டர்!" என்று தீரில் போட்டுக்கொடுத்தாள்.

அவன் சிரிப்பு இன்னும் அகலமானது. "பல்லைக் காட்டாதேன்னு சொல்ற முதல் பல் டாக்டர் நீங்கதாங்க."

உதட்டுக்குள் வந்த சிரிப்பை இல்வா பல்லால் கடித்து நிறுத்தினாள். "நீங்க உங்க வழியைப் பாருங்க. நாங்க ரெண்டு பேரும் எங்களைப் பார்த்துக்குவோம்."

'நாங்க ரெண்டு பேரும்...' தீரிலின் அப்பா வேறொருத்தியோடு வடக்கே போய்க் குடியேறிய நாளிலிருந்து அவள் எல்லோரிடமும் சொல்லிவந்தது இதுதான். ஜன்னல் பழுதானாலும், ஜுரம் வந்தாலும், யார் உதவ வந்தாலும் இதே பதில். தலையை நிமிர்த்தித்தான் சொல்வாள்.

நிமிர்த்திய தலையோடுதான் நடந்தாள். ஆனால், இருபது அடி போனதும் அந்தத் தலை ஏனோ தானாகவே ஒரு தடவை பின்னால் திரும்பிவிட்டது. அவன் தன் ஸ்கீயைக் காலில் மாட்டத் தெரியாமல், அதோடு பேசிக்கொண்டிருந்தான்.

உச்சிக்கு ஏற்றிப்போகும் லிஃப்ட் வரிசையில் விதி விளையாடியது. கம்பி வடத்தில் தொங்கியபடி நாற்காலி நெருங்கும் நேரத்தில் இல்வாவின் பூட்ஸ் கொக்கி கழன்றது. குனிந்து மாட்டி நிமிர்வதற்குள் தீரில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில், தனி ஆளாய் வந்து இடம் பிடித்த நீல அங்கி!

"தீரில்! இறங்கு!"

"முடியாதும்மா! அடுத்ததுல வா!"

அடுத்த நாற்காலியில் தாவி ஏறினாள். முன்னால் இரண்டு முதுகுகள். ஒன்று சின்னது, துள்ளிக்கொண்டிருந்தது. இன்னொன்று பெரியது, கல்லாய் உறைந்திருந்தது. அவன் பக்கக் கம்பியைக் கட்டிப்பிடித்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

கீழே பாறைகளும் தேவதாரு மரங்களும் சின்னதாகிக்கொண்டே போயின. அப்போதுதான் ஒரு குலுக்கல். லிஃப்ட் நின்றது.

காற்று மட்டும் நிற்கவில்லை.

"அம்மா!" தீரிலின் குரல் மலை முழுக்கக் கேட்டது. "எஸ்பெனுக்கு உயரம்னா பயமாம்!"

"ஏய், அது ரகசியம்னு சொன்னேனே!"

"கப்பல்ல புயலுக்குப் பயப்பட மாட்டாராம்மா! இதுக்குத்தான் பயமாம்!"

"படகு நின்னா கீழ தண்ணியாவது இருக்கும்!" என்று அவன் பரிதாபமாய்க் கத்தினான். முன்னும் பின்னும் நாற்காலிகளில் தொங்கியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

தீரில் விடுவதாக இல்லை. "எஸ்பென், ஒண்ணு சொல்லவா? அம்மா உங்களைத் திரும்பிப் பார்த்தாங்க!"

"தீரில்!" இல்வாவின் காது மடல்கள் வரை சிவந்தன. 'இந்த வடம் அறுந்து நான் விழுந்தாலும் பரவாயில்லை...'

"நிஜமாவா?" அவன் குரலில் பயம் கொஞ்சம் குறைந்திருந்தது.

"சத்தியமா! இருங்க, அம்மா முகம் இப்ப எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்றேன்..."

தீரில் இருக்கையில் முழங்காலை மடித்துத் திரும்பினாள். ஒரு பெருங்காற்று. நாற்காலி ஊசலாய் ஆடியது. காலில் மாட்டிய ஸ்கீ கம்பியில் இடற... அந்தச் சின்ன உடம்பு பாதுகாப்புக் கம்பிக்கு அடியில் வழுக்கி இறங்கியது.

இல்வா கை நீட்டினாள். நடுவில் வெறும் வானம்.

அவன் கம்பியை விட்டான். அத்தனை நேரம் உயிரைப் போலப் பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் தீரிலின் அங்கியைக் கவ்விப் பிடித்தான். உடம்பைப் பின்னால் சாய்த்து, பல்லைக் கடித்து, இழுத்தான். ஸ்கீ ஒன்று கழன்று கீழே, வெகு கீழே, பாறையில் மோதித் தெறித்தது.

"பிடிச்சுட்டேன்!" அவன் கத்தினான். "இல்வா... பிடிச்சுட்டேன்! விட மாட்டேன்!"

தீரிலைத் தன் மடியில் இழுத்துச் சேர்த்து, இரு கைகளாலும் வளைத்துக்கொண்டான். லிஃப்ட் மறுபடி நகர்ந்தபோதும் அந்தப் பிடி தளரவில்லை. பின்னால் தொங்கிய இல்வா, தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெறும் கைகள். கண்ணீர் வழிந்து முகவாயில் குளிர்ந்தது.

உச்சியில் இறங்கியதும் ஓடிவந்து மகளை நெஞ்சோடு அணைத்தாள். தீரில் ஒரு நிமிஷம் விசும்பிவிட்டு, "என் ஸ்கீ போச்சே!" என்றாள்.

எஸ்பென் பனியில் உட்கார்ந்திருந்தான். எழ முயலவே இல்லை. "நீங்க போங்க," என்றான் சிரிக்க முயன்று. "கோடை வந்து பனி உருகினதும் நான் நடந்து வந்துடுறேன்."

லிஃப்ட் பணியாள், ஒற்றை ஸ்கீயோடு நின்ற தீரிலைத் தன் பனி ஊர்தியில் ஏற்றிக்கொண்டார். "கீழே பார்ப்போம்மா!" என்று கை ஆட்டிக்கொண்டே பறந்துவிட்டாள்.

இல்வா அவன் முன்னால் வந்து நின்றாள். கையுறைக் கைகளை நீட்டினாள். "எழுந்திருங்க."

"என்ன பண்ணப் போறீங்க?"

"நான் பின்பக்கமா இறங்குறேன். நீங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு முன்னால வாங்க. கீழே பார்க்கக் கூடாது."

"அப்ப எங்கே பார்க்கிறது?"

அவள் ஒரு கணம் தயங்கினாள். "என்னை."

இறங்கினார்கள். வளைந்து வளைந்து, மெல்ல மெல்ல... இளகிய பனி ஸ்கீக்கடியில் சரசரத்தது. இமைக்காமல் பார்த்தான், சொன்னபடியே. அந்தக் கண்களின் பச்சையில் வெயில் மின்னியது. அவளுக்குத்தான் தடுமாறியது. பதினைந்து வயசில் ஸ்கீ பந்தயத்தில் சறுக்கியவளுக்கு, இந்தச் சரிவில்!

"பேசுங்க," என்றாள். "மௌனமா வந்தா கஷ்டமா இருக்கு."

"பேசினா நீங்க கையை விட்டுட்டா?"

"விட மாட்டேன். சொல்லுங்க."

"மோதின உடனே சொல்லணும்னு இருந்துச்சு. பனியோட உங்க மூக்கைப் பார்த்ததும்... விழுந்தது நல்லதுக்குத்தான்னு தோணிடுச்சு. அப்புறம் நீங்க போனீங்க. ரொம்ப வருஷம் கழிச்சு, ஒருத்தங்க போறது எனக்கு வலிச்சுது." மூச்சு வாங்கினான். "இப்ப நான் எது சொன்னாலும் நீங்க மறுக்க முடியாது. பிள்ளையைக் காப்பாத்தினவனாச்சேன்னு தலையாட்டுவீங்க. அது எனக்கு வேண்டாம்."

இல்வா சட்டென்று நின்றாள். அவன் அவள் மேல் வந்து இடிக்காமல், முதல் முறையாகத் தானாகவே நின்றான்.

"நன்றி சொல்றதா இருந்தா நன்றின்னு ஒரு வார்த்தை போதும் எஸ்பென். அதை ஆயுசு பூரா சொல்வேன்." அவன் கைகளை இறுக்கிப் பிடித்தாள். "ஆனா நான் திரும்பிப் பார்த்தது, லிஃப்ட் ஏறுறதுக்கு முன்னாலயே."

அவன் அகலமாய்ப் பல்லைக் காட்டினான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள் அவள். தலை நிமிரவில்லை... நாணத்தில் குனிந்திருந்தது. "உதவிக்கு ஆள் வேணும்னு இல்ல. நீங்க வேணும்."

"அம்மா!" பக்கத்திலிருந்தே குரல். தீரில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். "எப்பவோ சமதரைக்கு வந்தாச்சு! இன்னும் எதுக்குக் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

இருவரும் சுற்றிப் பார்த்தார்கள். மலை பின்னால் இருந்தது. காலடியில் தட்டையான பனி.

கைகளை யாரும் விடவில்லை.